வக்கீலுக்குக் கொடுக்கக் காசில்லையா? இலவச சட்ட உதவி பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தமிழ்நாட்டு நகரங்களில் வாடகை வீட்டிலும் குடிசைப் பகுதியிலும் இருப்பவர்கள், தினக்கூலிக்குப் போகிறவர்கள், வீட்டு வேலை செய்கிறவர்கள் சட்ட உதவி தேடி வரும்போது கேட்கும் கேள்விகள் இவை. பதில்கள் பொதுவானவை. உங்கள் கையில் இருக்கும் காகிதத்தைப் படித்துப் பார்க்காமல் எந்த வக்கீலும் முடிவாக எதையும் சொல்லக்கூடாது. அப்படிச் சொன்னால் கொஞ்சம் உஷாராக இருங்கள்.

இலவச வக்கீல் என்பது தர்மமா, உரிமையா?

உரிமைதான். 1976-இல் 42-ஆவது திருத்தத்தின் மூலம் அரசியலமைப்பில் 39அ பிரிவு சேர்ந்தது. பணமில்லை என்ற காரணத்தால் யாருக்கும் நீதி மறுக்கப்படக்கூடாது என்கிறது அது. அதை நடைமுறைப்படுத்த வந்தது 1987-ஆம் ஆண்டின் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டம். அமலுக்கு வந்தது 1995 நவம்பர் 9 அன்று. ஆகவே இலவச சட்ட உதவி தரும் அரசு அமைப்பான சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் அலுவலகத்தில் கைகட்டி நிற்க வேண்டியதில்லை. மனு கொடுக்கிறீர்கள், தகுதி இருந்தால் அவர்கள் வக்கீல் தந்தாக வேண்டும்.

என் வருமானம் எவ்வளவு இருக்க வேண்டும்?

இந்தக் கேள்வியிலேயே பாதிப் பேர் தேவையில்லாமல் திரும்பிப் போய்விடுகிறார்கள். அந்த 1987-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 12-ஆவது பிரிவைப் பார்த்தால், பலருக்கு வருமான வரம்பே கிடையாது. பெண்கள், குழந்தைகள், பட்டியல் சாதியினர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், தொழிற்சாலைத் தொழிலாளர்கள், ஆள்கடத்தலுக்கோ கொத்தடிமை முறைக்கோ ஆளானவர்கள், வெள்ளம், நிலநடுக்கம், சாதிக் கொடுமை போன்றவற்றில் பாதிக்கப்பட்டவர்கள், காவலில் அல்லது சிறையில் இருப்பவர்கள் ஆகியோர் சம்பளம் எவ்வளவு என்று காட்ட வேண்டியதில்லை. கணவர் நல்ல வேலையில் இருக்கிறார் என்பதற்காக மனைவிக்கு உதவி மறுக்க முடியாது.

இந்த வகைகளில் வராதவர்களுக்குத்தான் வரம்பு. தமிழ்நாட்டில் ஆண்டு வருமானம் 3 லட்சம் ரூபாய்க்குள் இருக்க வேண்டும். உச்ச நீதிமன்ற வழக்கென்றால் 5 லட்சம். வருமானச் சான்று கையில் இல்லையென்றால் பிரமாண வாக்குமூலம் (அஃபிடவிட்) போதும் என்று 13-ஆவது பிரிவு இடம் கொடுக்கிறது. தாலுகா ஆபீஸில் சான்று வாங்கிவிட்டுத்தான் மனு கொடுப்பேன் என்று மூன்று வாரம் காத்திருக்காதீர்கள். அந்த மூன்று வாரத்தில் வழக்கின் கெடு முடிந்துபோகலாம்.

எங்கே போவது?

உங்கள் வழக்கு எந்த நீதிமன்றத்தில் நடக்கிறதோ, அந்த வளாகத்திலேயே விசாரியுங்கள். மாவட்ட நீதிமன்றம் இருக்கும் இடத்தில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழு இருக்கும், தாலுகா நீதிமன்றத்தில் வட்ட சட்டப்பணிகள் குழு இருக்கும். உயர் நீதிமன்ற வழக்குகளுக்குச் சென்னையிலும் மதுரைக் கிளையிலும் தனிக் குழு உண்டு. மாநில ஆணைக்குழு சென்னை உயர் நீதிமன்ற வளாகத்தில், வடகோட்டைச் சாலையில் இருக்கிறது. நேரில் போக முடியாதவர்கள் 15100 என்ற கட்டணமில்லா எண்ணில் பேசலாம்.

வெள்ளைத் தாளில் எழுதிக் கொடுத்தாலும் மனுதான். எழுதத் தெரியாதவர் வாயால் சொன்னால் அங்கிருக்கும் சட்டத் தன்னார்வலர் எழுதித் தருவார். எப்படிக் கொடுத்தாலும் ஒரு நகலில் முத்திரையும் தேதியும் போட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு ஆணைக்குழு இருக்கும்போது தொண்டு நிறுவனம் எதற்கு?

ஆணைக்குழுவின் பலம், நீதிமன்றத்தில் வக்கீலை நியமிக்க முடிவது. கோர்ட் கட்டணம், சம்மன் செலவு, நகல் செலவு, மொழிபெயர்ப்பு எல்லாம் அவர்கள் பொறுப்பு. தொண்டு நிறுவனத்தின் பலம் அதற்கு முன்னால் இருக்கிறது. உட்கார வைத்து முழுக் கதையும் கேட்பது, காகிதங்களை வரிசைப்படுத்துவது, நோட்டீஸுக்குப் பதில் எழுதுவது, ரேஷன் கார்டு முதல் முதியோர் உதவித்தொகை வரை அலுவலகங்களுக்கு மனு போடுவது எல்லாம் அவர்கள் வேலை. இதிலேயே முடிந்துபோகும் பிரச்சினைகள் நிறைய.

ஒன்றைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்: "கோர்ட்டில் யார் ஆஜராவார்?" 1961-ஆம் ஆண்டின் வழக்கறிஞர்கள் சட்டப்படி, பதிவு செய்த வழக்கறிஞர்தான் உங்களுக்காக வாதாட முடியும். சமூக சேவகரோ சட்டக் கல்லூரி மாணவரோ மனு தயாரிக்க உதவலாம், வக்காலத்து (உங்களுக்காக ஆஜராக நீங்கள் தரும் அதிகாரப் பத்திரம்) போட முடியாது. நல்ல நிறுவனம் இதை முதல் நாளே சொல்லிவிடும். எல்லா வழக்கையும் அவர்களால் எடுக்கவும் முடியாது. எடுக்க முடியாது என்றால் எழுத்தில் கேளுங்கள், அன்றே ஆணைக்குழுவுக்குப் போங்கள்.

முதல் நாள் என்ன எடுத்துக்கொண்டு போக வேண்டும்?

நீங்கள் தேவையில்லை என்று நினைப்பதையும் சேர்த்து எல்லாவற்றையும். ஆதார், ரேஷன் கார்டு, வாடகை ஒப்பந்தம், மின் கட்டண ரசீது, சம்பளச் சீட்டு அல்லது வங்கிப் பாஸ்புக், போலீஸில் கொடுத்த புகாரின் ரசீது, மருத்துவமனைச் சீட்டு. இருந்தால் எதிர்த்தரப்பு அனுப்பிய ஒவ்வொரு காகிதமும்.

கவரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நோட்டீஸ் வந்த உறையின் மேல் தபால் முத்திரை இருக்கும். நீங்கள் எந்தத் தேதியில் பெற்றீர்கள் என்பதற்கு அதுதான் சாட்சி. பல கெடுக்கள் அந்தத் தேதியிலிருந்துதான் ஓடத் தொடங்குகின்றன. உறையின் ஓரத்தில் பேனாவால் "இன்று கிடைத்தது" என்று தேதி எழுதி, நோட்டீஸோடு குத்தி வைத்துக்கொள்ளுங்கள்.

வாட்ஸ்அப் செய்தி, குரல் பதிவு இருந்தால் அந்தப் போனையே கொண்டுபோங்கள். ஸ்கிரீன்ஷாட் எடுத்துவிட்டு மூலச் செய்தியை அழித்துவிடுகிறவர்கள் உண்டு. மின்னணுச் சான்றை நீதிமன்றத்தில் காட்ட, புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவுப்படி சான்றிதழ் வேண்டும். மூலம் போனில் இல்லாவிட்டால் அதைக் கொடுப்பதே சிக்கலாகிவிடும். எக்ஸ்சேஞ்ச் ஆஃபரில் பழைய போனைக் கொடுப்பதற்கு முன் இதை ஒருமுறை நினைத்துப் பாருங்கள்.

வீட்டுக்குக் கோர்ட் சம்மன் வந்திருக்கிறது. வாங்காமல் திருப்பி அனுப்பிவிட்டால்?

அதைவிடப் பெரிய தவறு இல்லை. வாங்க மறுத்தால், சம்மன் சேர்ந்துவிட்டதாகவே எடுத்துக்கொள்ளக் கோர்ட்டுக்கு அதிகாரம் உண்டு. நீங்கள் வராத நிலையில் எக்ஸ்பார்ட்டி ஆக்கி, ஒருதலைப்பட்சமாகத் தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். பிறகு ஒருநாள் தீர்ப்பை நிறைவேற்ற வரும் கோர்ட் ஊழியரான அமீனா வாசலில் வந்து நிற்கும்போதுதான் விஷயமே தெரியும்.

சம்மனை வாங்கி மூன்று விஷயங்களைப் பாருங்கள்: எந்த நீதிமன்றம், வழக்கு எண், வாய்தா (விசாரணை) தேதி. ஓ.எஸ். என்று இருந்தால் உரிமையியல் அசல் வழக்கு. அதில் எதிருரையை (வழக்குக்கு உங்கள் எழுத்துப் பதிலை) 30 நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும். தகுந்த காரணம் காட்டினால் 90 நாள் வரை அவகாசம் கிடைக்கலாம். வக்கீல் இன்னும் அமையவில்லை என்றாலும் வாய்தா அன்று நேரில் போய், பெயர் கூப்பிடும்போது எழுந்து நின்று, "சட்ட உதவிக்கு மனு கொடுத்திருக்கிறேன், அவகாசம் வேண்டும்" என்று நீதிபதியிடம் சொல்லுங்கள். மனுவின் முத்திரையிட்ட நகலைக் காட்டுங்கள். இதற்கு வக்கீல் தேவையில்லை.

ஒருதலைப்பட்சத் தீர்ப்பு ஏற்கெனவே வந்துவிட்டதா? அதை ரத்து செய்யக் கோரும் 'செட் அசைட்' மனுவுக்குக் கெடு 30 நாள். தீர்ப்புத் தேதியிலிருந்து கணக்கு. சம்மன் முறையாகச் சேராமல் இருந்திருந்தால், தீர்ப்பு உங்களுக்குத் தெரிந்த நாளிலிருந்து. தாண்டினால் தாமதத்தை மன்னிக்க இன்னொரு மனு, ஒவ்வொரு நாளுக்கும் விளக்கம், பெரும்பாலும் எதிர்த்தரப்புக்குச் செலவுத் தொகையும்.

வழக்கு எங்கே நிற்கிறது என்று வக்கீலைத்தான் கேட்க வேண்டும் என்பதில்லை. ஒவ்வொரு வழக்குக்கும் 16 எழுத்து-எண் கொண்ட சி.என்.ஆர். எண் உண்டு. இ-கோர்ட்ஸ் செயலியில் அதைப் போட்டால் அடுத்த வாய்தாவும் முந்தைய வாய்தாக்களில் நடந்ததும் தெரியும். எண்ணை உங்கள் காலண்டரின் பின்பக்கம் எழுதி வையுங்கள்.

வக்கீல் நோட்டீஸ்தானே, கோர்ட் சம்மன் இல்லையே, பதில் போட வேண்டுமா?

போட வேண்டும். பதிலே இல்லையென்றால், சொன்னதையெல்லாம் ஒப்புக்கொண்டீர்கள் என்று பின்னால் வாதாடுவார்கள். செக் திரும்பிய நோட்டீஸ் என்றால் இன்னும் அவசரம். கிடைத்த நாளிலிருந்து 15 நாளுக்குள் பணம் கட்டாவிட்டால் குற்ற வழக்குப் போடும் உரிமை எதிர்த்தரப்புக்கு வந்துவிடும். கடனுக்கு அடமானமாகக் கொடுத்த வெற்றுச் செக்கா, ஏற்கெனவே கட்டிய தவணைக்கு ரசீது இருக்கிறதா என்பதெல்லாம் அந்தப் பதிலில் வர வேண்டிய விஷயங்கள்.

வீட்டுக்காரர் அட்வான்ஸைத் திருப்பித் தரவில்லை. கரண்ட்டையும் தண்ணீரையும் நிறுத்திவிட்டார். என்ன செய்வது?

2019 பிப்ரவரியிலிருந்து தமிழ்நாட்டில் புதிய வாடகைச் சட்டம், 2017-ஆம் ஆண்டின் சட்டம், அமலில் இருக்கிறது. ஒப்பந்தத்தில் வேறுமாதிரி எழுதாதவரை அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக்கூடாது என்கிறது. பத்து மாத அட்வான்ஸ் வாங்குவது ஊர் வழக்கம். ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட்டிருந்தால் அதை எதிர்ப்பது கஷ்டம். மின்சாரம், தண்ணீர் போன்ற அத்தியாவசிய வசதிகளை நிறுத்தி வெளியேற்றுவது சட்டப்படி தவறு. அதற்கு வாடகை அதிகாரியிடம் மனு கொடுக்கலாம்.

இங்கே பலர் சறுக்கும் இடம் வாய்மொழி ஒப்பந்தம். எழுத்து ஒப்பந்தம் இல்லை, வாடகையைக் கையில் கொடுத்தோம், ரசீது கிடையாது. எழுத்து ஒப்பந்தம் போடத் தவறியதையே வெளியேற்றக் காரணமாக அந்தச் சட்டத்தில் காட்ட முடியும். ஆகவே இன்றைக்கே வாடகையை ஜிபே அல்லது வங்கி மூலம் அனுப்பத் தொடங்குங்கள். குறிப்பில் "ஜூன் மாத வாடகை" என்று எழுதுங்கள். சண்டை வந்துவிட்டது, வீட்டுக்காரர் வாடகையை வாங்க மறுக்கிறார் என்றால் "அவரே வாங்கவில்லை" என்று சும்மா இருந்துவிடாதீர்கள். வாடகை பாக்கி என்பதுதான் உங்களை வெளியேற்ற அவருக்குக் கிடைக்கும் சுலபமான காரணம். மணியார்டரில் அனுப்பி, திரும்பி வந்த சீட்டை வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் எங்கே செலுத்துவது என்பதை வக்கீலிடம் உடனே கேளுங்கள்.

ஆக்கிரமிப்பு என்று நோட்டீஸ் ஒட்டிவிட்டுப் போயிருக்கிறார்கள். நாளைக்கே இடித்துவிடுவார்களா?

நோட்டீஸ் எந்தச் சட்டத்தின் கீழ் என்று முதலில் பாருங்கள். 1905-ஆம் ஆண்டின் நில ஆக்கிரமிப்புச் சட்டமென்றால் 7-ஆவது பிரிவு நோட்டீஸ் வெறும் விளக்கம் கேட்பது. அதற்குப் பிறகு 6-ஆவது பிரிவில் தனியாக வெளியேற்ற உத்தரவு வர வேண்டும். அந்த உத்தரவுக்கு மேல்முறையீடும் உண்டு. ஏரி, குளம் என்றால் 2007-ஆம் ஆண்டுச் சட்டம், அதன் நடைமுறை வேறு.

விளக்கத்தை எழுத்தில் கொடுங்கள். எத்தனை ஆண்டாக இருக்கிறோம், மின் இணைப்பு எந்த ஆண்டு வந்தது, ரேஷன் கார்டு, பிள்ளைகள் படிக்கும் பள்ளி, மாற்று வீட்டுக்கான கணக்கெடுப்பில் பெயர் இருக்கிறதா இல்லையா என்று எழுதுங்கள். கணக்கெடுப்புப் பட்டியலில் பெயர் விட்டுப்போனதுதான் பின்னால் சரிசெய்யக் கடினமானது. வாடகைக்கு இருந்தவர், அன்று ஊருக்குப் போயிருந்தவர், கூட்டுக் குடும்பத்தில் தனியாகச் சமைக்கும் மகன், இவர்களைத்தான் அடிக்கடி விட்டுவிடுவார்கள்.

2024 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடிப்புக்கு 15 நாள் முன்னறிவிப்பு வேண்டும் என்று தீர்ப்பளித்ததைப் பலர் செய்தியில் பார்த்திருப்பார்கள். சாலை, நடைபாதை, நீர்நிலை, ரயில்வே இடம் போன்ற பொது இடங்களில் உள்ள கட்டுமானங்களுக்கு அது பொருந்தாது என்று அந்தத் தீர்ப்பே சொல்கிறது. அதை மட்டும் நம்பி உட்கார்ந்துவிடாதீர்கள்.

கணவர் அடிக்கிறார். வீட்டைவிட்டுப் போகச் சொல்கிறார். விவாகரத்துதான் வழியா?

இல்லை. 2005-ஆம் ஆண்டின் குடும்ப வன்முறைச் சட்டத்தில் விவாகரத்து கேட்காமலேயே பாதுகாப்பு உத்தரவு, வசிக்கும் உரிமை, பணம், குழந்தைப் பொறுப்பு எல்லாம் கேட்கலாம். வீடு மாமியார் பெயரில் இருந்தாலும், குடும்பமாக வாழ்ந்த வீடென்றால் உங்களைத் தெருவில் தள்ள முடியாது. மாவட்ட சமூகநல அலுவலகம் மூலம் பாதுகாப்பு அலுவலரைப் பார்க்கலாம், 181-இல் அழைக்கலாம். அடிபட்டிருந்தால் முதலில் அரசு மருத்துவமனை. எப்படிக் காயம் என்று டாக்டர் கேட்கும்போது "மாடிப்படியில் விழுந்தேன்" என்று சொல்லிவிட்டால், அந்த ஒரு வரி வழக்கு முழுக்க உங்களைத் துரத்தும்.

ஜீவனாம்சத்தைப் பொறுத்தவரை, மனுப் போட்ட தேதியிலிருந்து தொகை கணக்கிட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் 2020-இல் சொன்னது. இருவரும் சொத்து, வருமான விவரத்தைப் பிரமாண வாக்குமூலமாகக் கொடுக்க வேண்டும் என்பதும் அந்தத் தீர்ப்பில்தான். சமரசம் பேசிக்கொண்டே ஆறு மாதம் போனால் ஆறு மாதத் தொகையும் போனது மாதிரிதான். மனுவைப் போட்டுவிட்டுப் பேசுங்கள், பேசக்கூடாது என்று யாரும் சொல்லவில்லை.

என் மகனைப் போலீஸ் பிடித்துப் போய்விட்டது.

24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் ஆஜர்படுத்த வேண்டும், பயண நேரம் இதில் சேராது. அங்கேயே இலவச வக்கீல் கேட்கலாம். கேட்காவிட்டாலும் தர வேண்டும். கேட்கவில்லை என்பதைக் காரணம் காட்டி மறுக்க முடியாது என்று உச்ச நீதிமன்றம் 1986-இலேயே சொல்லிவிட்டது. காவலில் இருப்பவருக்கு வருமான வரம்பும் இல்லை.

குடும்பத்தினர் நாள்காட்டியில் எண்ண வேண்டிய ஒரு கணக்கு உண்டு. குற்றத்தைப் பொறுத்து 60 அல்லது 90 நாளுக்குள் போலீஸ் குற்றப்பத்திரிகை தாக்கல் செய்யாவிட்டால் ஜாமீன் உரிமையாகவே கிடைக்கும். ரிமாண்ட் செய்த (காவலில் வைக்க மாஜிஸ்திரேட் உத்தரவிட்ட) நாளையும் சேர்த்து எண்ண வேண்டும் என்பது 2023-இல் வந்த தீர்ப்பு. கெடு முடிந்ததும் மனுப் போட்டுவிட வேண்டும். நீங்கள் மனுப் போடுவதற்கு முன் குற்றப்பத்திரிகை உள்ளே போய்விட்டால் அந்த உரிமை போய்விடும். ஒரு நாள் தாமதம், பல மாத ஜெயில்.

ஜாமீன் கிடைத்தும் சூரிட்டி (பிணை) கொடுக்க ஆளில்லாமல் உள்ளேயே இருப்பவர்கள் உண்டு. ஜாமீன் கிடைத்து 7 நாளாகியும் வெளியே வராவிட்டால் சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட ஆணைக்குழுச் செயலருக்குத் தெரிவிக்க வேண்டும். ஒரு மாதமாகியும் சூரிட்டி கொடுக்க முடியாவிட்டால் நிபந்தனையைத் தளர்த்த முடியுமா என்று நீதிமன்றம் தானே பரிசீலிக்கலாம். இதுவும் 2023-ஆம் ஆண்டு உச்ச நீதிமன்ற உத்தரவு. செயலருக்கு நீங்களே ஒரு மனு கொடுத்தால் வேகம் கூடும்.

ஸ்டேஷனில் புகாரை வாங்க மாட்டேன் என்கிறார்கள்.

புகார் பெற்றதற்கு ஸ்டேஷனில் தரும் சி.எஸ்.ஆர். ரசீதாவது கேளுங்கள். அதுவும் இல்லையென்றால் புகாரை ஒப்புகையுடன் ஸ்பீடு போஸ்ட்டில் காவல் துணை ஆணையருக்கோ மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கோ அனுப்புங்கள். அதற்கும் நடவடிக்கை இல்லையென்றால் மாஜிஸ்திரேட்டிடம் மனுப் போடலாம். அங்கே மேலதிகாரிக்கு அனுப்பியதற்கான சான்றைக் கேட்பார்கள். தபால் ரசீது தொலைந்தால் மறுபடி முதலிலிருந்து.

லோக் அதாலத்தில் (சமரசம் பேசும் மக்கள் நீதிமன்றத்தில்) முடித்துக்கொள்ளச் சொல்கிறார்கள். நல்லதா?

கடன் பாக்கி, விபத்து இழப்பீடு, செக் வழக்கு போன்றவற்றுக்குப் பல நேரம் நல்லதுதான். ஏற்கெனவே கட்டிய கோர்ட் கட்டணம் திரும்பக் கிடைக்கும். ஆனால் அங்கே கையெழுத்தானது சிவில் கோர்ட் தீர்ப்புக்குச் சமம். மேல்முறையீடு கிடையாது. சத்தமும் கூட்டமுமாக இருக்கும் அறையில், "எல்லாம் பேசியாச்சு, போடுங்க" என்ற வேகத்தில் கையெழுத்து வாங்கப்படும். போடுவதற்கு முன் தாளை வாங்கி நான்கு விஷயங்களை விரல் வைத்துப் படியுங்கள்: எவ்வளவு தொகை, எந்தத் தேதிக்குள், எந்தக் கணக்குக்கு, தராவிட்டால் என்ன. நான்காவது இல்லாத சமரசம்தான் பின்னால் தகராறாகிறது. உடன்பாடு இல்லையென்றால் வேண்டாம் என்று எழுந்து வந்துவிடலாம், வழக்கு பழைய இடத்திலேயே நடக்கும்.

மின்சாரம், குடிநீர், தபால், போக்குவரத்து, காப்பீடு, மருத்துவமனை போன்ற பொதுச் சேவைகளுக்கான நிரந்தர மக்கள் நீதிமன்றம் வேறு. வழக்குப் போடுவதற்கு முன்பே அங்கே போகலாம், 1 கோடி ரூபாய் மதிப்பு வரை. சமரசம் ஆகாவிட்டால் அதுவே முடிவும் சொல்லிவிடும். இந்த வித்தியாசம் தெரியாமல் போய் மாட்டிக்கொள்ள வேண்டாம்.

விபத்து வழக்கில் "செலவு எதுவும் வேண்டாம், வருவதில் முப்பது சதவீதம் கொடுங்கள்" என்கிறார் ஒருவர்.

மருத்துவமனை வராந்தாவிலேயே வந்து பேசுகிறார்கள். கிடைக்கும் தொகையில் பங்கு கேட்பது வழக்கறிஞர் நடத்தை விதிகளின்படி தவறு. வெற்றுத் தாளிலோ வெற்றுச் செக்கிலோ கையெழுத்துப் போடாதீர்கள், பாஸ்புக்கையும் ஏ.டி.எம். கார்டையும் கொடுக்காதீர்கள். இழப்பீட்டு மனுவை விபத்து நடந்த நாளிலிருந்து 6 மாதத்துக்குள் தாக்கல் செய்துவிடுவது பாதுகாப்பு.

பழைய வக்கீல் ஃபீஸ் பாக்கி என்று பண்டிலை (வழக்குக் கட்டை) தர மறுக்கிறார்.

ஃபீஸ் பாக்கிக்காக வழக்குக் கட்டைப் பிடித்து வைக்க வழக்கறிஞருக்கு உரிமை இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே சொல்லிவிட்டது. பாக்கி நியாயமானதென்றால் அதைக் கேட்க அவருக்கு வேறு வழி உண்டு. நயமாக எழுத்தில் கேளுங்கள். காத்திருக்க நேரமில்லையென்றால் கோர்ட்டில் நகல் மனுப் போட்டுப் பிரதி வாங்கிக்கொள்ளலாம்.

ஆணைக்குழு வக்கீலே பணம் கேட்கிறார், அல்லது வாய்தாவுக்கு வருவதே இல்லை.

அவருக்கான கட்டணத்தை ஆணைக்குழு தருகிறது. டைப்பிங் செலவு, குமாஸ்தா படி என்று எந்தப் பெயரிலும் உங்களிடம் வாங்கக்கூடாது. செயலரிடம் எழுத்தில் சொல்லுங்கள், வேறு வக்கீல் கேட்கலாம். "வருவதே இல்லை" என்று மட்டும் எழுதினால் எடுபடாது. "மார்ச் 4, ஏப்ரல் 11 இரண்டு வாய்தாவுக்கும் வரவில்லை" என்பது போலத் தேதியோடு எழுதுங்கள். இ-கோர்ட்ஸில் அந்த நாட்களின் பதிவை அச்செடுத்து இணைத்தால் இன்னும் நல்லது.

என் மனுவை நிராகரித்துவிட்டால்?

7 நாளுக்குள் முடிவு சொல்ல வேண்டும் என்பது 2010-ஆம் ஆண்டு ஒழுங்குமுறை. நிராகரித்தால் ஆணைக்குழுவின் தலைவருக்கு மேல்முறையீடு செய்யலாம். காரணத்தை எழுத்தில் வாங்கிக்கொண்டு போங்கள். பல நேரம் காரணம், மனுவில் நீங்கள் எந்த வகையில் தகுதி பெறுகிறீர்கள் என்று எழுதாமல் விட்டதுதான். "நான் பெண், 12-ஆவது பிரிவின்படி தகுதி உண்டு" என்று ஒரு வரி சேர்த்து மறுபடி கொடுத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.